1995-டபிள்யூ வெள்ளிக் கழுகு: 69-க்கும் 70-க்கும் நடுவே போன பணம்

2013 மார்ச் 31 அன்று அமெரிக்காவில் கிரேட்கலெக்‌ஷன்ஸ் என்ற இணைய ஏல நிறுவனத்தில் ஒரு வெள்ளி நாணயம் 86,654 டாலர் 70 சென்ட்டுக்கு விலை போனது. ஒரு ட்ராய் அவுன்ஸ் வெள்ளி, அதாவது 31.1 கிராம். அன்றைய விலைக்கு உருக்கினால் 30 டாலர்கூடத் தேறாது. பழைய நாணயமா என்றால் அதுவும் இல்லை, 1995-இல் அடித்தது. இதே வருஷம், இதே மின்ட் (நாணயச்சாலை) முத்திரை, இதே பளபளப்பு, ஆனால் அடைத்து வைத்த பிளாஸ்டிக் ஸ்லாபின் மேல் 70-க்குப் பதில் 69 என்று அச்சாகியிருந்தால் சில ஆயிரம் டாலருக்குக் கிடைத்திருக்கும்.

வெள்ளி ப்ரூஃப் (சேகரிப்பவர்களுக்கென விசேஷமாக அடிப்பது) நாணயம் சேர்க்கத் தொடங்குகிறவர்கள் கிரேடைப் பற்றி, அதாவது நாணயத்தின் நிலைக்குத் தரும் 70-க்குள்ளான எண்ணைப் பற்றிக் கேட்கிற கேள்வி ஏறக்குறைய எல்லாமே இந்த ஒரு நாணயத்துக்குள் இருக்கிறது, அதனால் பொதுவாகப் பாடம் நடத்துவதைவிட இதையே பிரித்துப் பார்த்துவிடலாம். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: புதிதாகச் சேர்ப்பவர் 70-க்குக் காசு கொடுக்கத் தேவையில்லை, கிரேடைப் படிக்கக் கற்றுக்கொண்டால் போதும், அது இரண்டும் வேறு வேறு வேலை.

நாணயம் வந்த வழி

அமெரிக்க அரசு 1986-இல் வெள்ளிக் கழுகு நாணயங்களை வெளியிடத் தொடங்கியது. முன்பக்கத்தில் அடால்ஃப் வைன்மன் 1916-இல் அரை டாலருக்காக வடித்த, நடந்து வரும் சுதந்திரதேவி, பின்பக்கத்தில் ஜான் மெர்காண்டியின் கேடயம் தாங்கிய கழுகு. குறுக்களவு 40.6 மில்லிமீட்டர், 99.9 சதவீத வெள்ளி. முதலீட்டுக்காக வாங்குகிறவர்களுக்குச் சாதாரண புல்லியன், சேகரிப்பவர்களுக்கு ப்ரூஃப், இரண்டு வகையாக வந்தது. ப்ரூஃப் நாணயங்கள் 1986 முதல் 1992 வரை சான் பிரான்சிஸ்கோவில் 'எஸ்' முத்திரையோடும், 1993 முதல் 2000 வரை பிலடெல்பியாவில் 'பி' முத்திரையோடும் அடிக்கப்பட்டன. 2001-லிருந்துதான் வழக்கமான ப்ரூஃப் வெஸ்ட் பாயின்ட்டுக்குப் போய் 'டபிள்யூ' ஆனது.

நடுவில் 1995-இல் ஒரு விதிவிலக்கு. கழுகு நாணயங்களின் பத்தாவது ஆண்டைக் கொண்டாட, மின்ட் ஒரு தனித் தொகுப்பு விற்றது: ஒரு அவுன்ஸ், அரை, கால், பத்தில் ஒரு பங்கு என்று நான்கு தங்க ப்ரூஃப் நாணயங்கள், கூடவே இனாம் மாதிரி ஒரு வெள்ளி ப்ரூஃப், அதில் 'டபிள்யூ' முத்திரை. விலை 999 டாலர். தங்கம் அப்போது அவுன்ஸ் 380 டாலர் சொச்சம், ஆக மொத்தம் 1.85 அவுன்ஸ் தங்கத்தின் உலோக மதிப்பு 700 டாலரைச் சுற்றி வரும். தங்கம் வாங்குகிறவருக்கு அது நியாயமான பேரம்தான். ஆனால் வருஷா வருஷம் 20 டாலர் சொச்சம் கொடுத்து வெள்ளி ப்ரூஃப் மட்டும் வாங்கி வந்த ஆளை நினைத்துப் பாருங்கள், வரிசையில் ஒரு குழியை அடைக்க அவர் 999 டாலர் எடுத்து வைக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் வைக்கவில்லை, திட்டிவிட்டுப் போய்விட்டார்கள். விற்றது 30,125. 1986-இன் ப்ரூஃப் 14 லட்சத்துக்கு மேல் விற்றது என்பதோடு இதை ஒப்பிட்டால் பிற்பாடு என்ன ஆகியிருக்கும் என்று தெரிந்துவிடும். வெள்ளிக் கழுகு வரிசையின் ராஜா என்று இதைத்தான் சொல்கிறார்கள்.

இதுவரைக்கும் கிரேடு எங்கேயும் வரவில்லை, கவனித்தீர்களா? 1995-டபிள்யூவின் அடிப்படை மதிப்பு எண்ணிக்கை குறைவு என்பதால் வந்தது. எந்தக் கிரேடில் இருந்தாலும் அந்த மதிப்பு இருக்கும். கிரேடு அதற்கு மேல் ஏறி உட்கார்ந்த சங்கதி.

ப்ரூஃப் ஒரு செய்முறை

புதியவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம் இது. ப்ரூஃப் என்றால் மிக உயர்ந்த தரம் என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். இல்லை. மெருகேற்றிய வெள்ளி வில்லையை, விசேஷமாகத் தயார் செய்த அச்சுகளுக்கு நடுவே வைத்து, ஒரு தடவைக்கு மேல் அழுத்தி அடிக்கும் முறை அது. அடித்ததும் ஒன்றோடொன்று உரசாமல் தனித்தனியாக எடுத்து பிளாஸ்டிக் கேப்ஸ்யூலில் போடுகிறார்கள். ஒரு ப்ரூஃப் நாணயத்தை யாராவது சட்டைப்பையில் போட்டு ஒரு மாதம் சுற்றினாலும் அது ப்ரூஃப்தான், தேய்ந்த ப்ரூஃப், கிரேடு 60-க்குக் கீழே போய்விடும், அவ்வளவே.

ஸ்லாபில் எண்ணுக்கு முன்னால் இருக்கும் எழுத்துதான் இதைச் சொல்கிறது. பிசிஜிஎஸ் என்ற கிரேடிங் நிறுவனம் 'பிஆர்' என்று போடும், என்ஜிசி என்ற இன்னொரு நிறுவனம் 'பிஎஃப்' என்று போடும், இரண்டும் ஒன்றே. 'எம்எஸ்' என்று இருந்தால் அது சாதாரண முறையில் அடித்தது, ப்ரூஃப் கிடையாது. இதில் ஒரு கண்ணிவெடி இருக்கிறது: 2006 முதல் வெஸ்ட் பாயின்ட்டில் மெருகூட்டிய வில்லையில் அடித்த, மங்கலான பூச்சுள்ள இன்னொரு வகையும் 'டபிள்யூ' முத்திரையோடு வருகிறது, அது பெரும்பாலும் எம்எஸ் அல்லது எஸ்பி (ஸ்பெசிமன்) என்றே கிரேடாகும். முத்திரையை மட்டும் பார்த்து ப்ரூஃப் என்று வாங்கி ஏமாந்தவர்கள் நிறைய. அந்தக் காலத்துச் சாதாரண புல்லியனில் முத்திரையே இருக்காது.

எண்ணுக்குப் பின்னால் வரும் 'டீப் கேமியோ' அல்லது 'அல்ட்ரா கேமியோ' என்பதற்கும் ஆட்கள் தேவையில்லாமல் மயங்குகிறார்கள். பின்னணி கண்ணாடி போலவும் உருவங்கள் உறைபனி படிந்தது போலவும் இருந்து, இரண்டுக்கும் நடுவே பலமான வேறுபாடு தெரிந்தால் இந்தப் பட்டம் தருவார்கள். 1950 முதல் 1963 வரை வந்த ஃபிராங்க்ளின் அரை டாலர் ப்ரூஃபில் இது பெரிய விஷயம். அந்தக் காலத்தில் புது அச்சில் அடித்த முதல் கொஞ்ச நாணயங்களில் மட்டும் உறைபனி இருக்கும், அப்புறம் அச்சு தேய்ந்து எல்லாம் ஒரே பளபளப்பாகிவிடும், அதனால் டீப் கேமியோ கிடைத்த நாணயத்துக்குச் சாதாரண ப்ரூஃபைவிடப் பல மடங்கு விலை. வெள்ளிக் கழுகில் ஏறக்குறைய எல்லா ப்ரூஃபும் டீப் கேமியோதான். அதைப் பெரிய எழுத்தில் விளம்பரம் செய்து கூடுதல் விலை கேட்கிறவரிடம் நான் வாங்க மாட்டேன்.

70 என்ற எண்

ஒன்றிலிருந்து எழுபது வரையான இந்த அளவுகோல் வெள்ளிக்காகவோ ப்ரூஃபுக்காகவோ வந்ததே இல்லை. 1949-இல் வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்க உளவியலாளர், 1793 முதல் 1814 வரையான பெரிய செம்பு சென்ட்டுகளுக்கு விலை போட ஒரு சூத்திரமாக இதைக் கொண்டுவந்தார். ஒரு நாணயம் அடையாளம் மட்டும் தெரிகிற அளவுக்குத் தேய்ந்திருந்தால் ஒரு டாலர் என்று வைத்துக்கொண்டால், அதே நாணயம் அப்பழுக்கில்லாமல் இருந்தால் 70 டாலர், அதுதான் கணக்கு. அப்போதைய சந்தையில் அந்த விகிதம் சரியாக இருந்ததால் 70 என்ற விசித்திரமான உச்சம் வந்தது. விலை விகிதம் சீக்கிரமே காலாவதியாகிவிட்டது, எண் மட்டும் தங்கிவிட்டது. 1970-களில் அமெரிக்க நாணயச் சங்கம் அதை எல்லா நாணயங்களுக்கும் எடுத்துக்கொண்டது.

மனிதரைப் பற்றியும் ஒரு வரி. அமெரிக்க நாணயவியல் கழகத்தின் சேகரிப்பில் இருந்த நல்ல சென்ட்டுகளை எடுத்துக்கொண்டு தன்னிடமிருந்த மட்டமானவற்றை அந்த இடத்தில் வைத்துவிட்டார் ஷெல்டன், நூற்றுக்கும் மேற்பட்டவை, இது அவர் இறந்து பல வருஷம் கழித்து நீதிமன்றம் வரை போய் உறுதியானது. கிரேடின் அருமை அவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது!

பிசிஜிஎஸ் 1986-இலும் என்ஜிசி 1987-இலும் தொடங்கியதும் தான் மூன்றாம் நபர் கிரேடிங் வியாபாரமாக வளர்ந்தது. நாணயத்தை அனுப்பினால் சில நிபுணர்கள் தனித்தனியாகப் பார்த்து எண் சொல்வார்கள், அதை ஒப்பிட்டு முடிவு செய்து, உறை போட்டு மூடித் திருப்பி அனுப்புவார்கள். ஒரு நவீன நாணயத்துக்கு ஒரு நிபுணர் செலவழிக்கும் நேரம் சில விநாடிகள். 70 என்றால் 5 மடங்கு பெரிதாக்கிப் பார்த்தாலும் அடித்த பிறகு ஏற்பட்ட குறை எதுவும் தெரியக்கூடாது. 69 என்றால் ஏதோ ஒன்றிரண்டு இருக்கிறது: மயிரிழைக் கீறல், உறைபனிப் பகுதியில் ஊசிமுனை அளவு மினுங்கும் தொடுதடம், விளிம்பில் ஒரு தட்டல். கேப்ஸ்யூலைத் திறக்காமல் கையில் வைத்துப் பார்க்கிற உங்களுக்கும் எனக்கும் பல நேரம் அது தெரியவே தெரியாது. 68-லேயே வித்தியாசம் கண்ணுக்கு எட்டிவிடும், 67 என்றால் நவீன ப்ரூஃபில் ஏதோ பிரச்சினை இருக்கிறது என்று அர்த்தம்.

இங்கேதான் ஒரு விஷயத்தை அடிக்கோடிட விரும்புகிறேன். 68-ஐயும் 69-ஐயும் பிரிப்பது பெரும்பாலும் நாணயம். 69-ஐயும் 70-ஐயும் பிரிப்பது பல சமயம் அன்றைக்குப் பார்த்தவரின் கண். அதனால்தான் 69 வந்த நாணயத்தை ஸ்லாபை உடைத்து எடுத்து மறுபடியும் அனுப்புகிற வழக்கமே இருக்கிறது. ஒரே நாணயம், இந்தத் தடவை 70 வரலாம். நிபுணர்கள் ஏமாற்றுகிறார்கள் என்று சொல்லவில்லை, எல்லைக்கோட்டில் நிற்கும் நாணயத்தை எந்தப் பக்கம் தள்ளுவது என்பது தீர்ப்பு, அளவீடு இல்லை.

86,654 டாலர் எங்கே போனது

இப்போது ஏலத்துக்கு வருவோம். 2013-இல் பிசிஜிஎஸ் 70 கொடுத்த 1995-டபிள்யூ மிகவும் குறைவு. வருஷக்கணக்காக அந்த நிறுவனம் இந்த நாணயத்துக்கு 70 கொடுப்பதில் கஞ்சம் பிடித்தது, என்ஜிசி கொடுத்த 70 அதைவிட அதிகம், அதனால் விலையும் கணிசமாகக் குறைவு. ஒரே எண், இரண்டு நிறுவனம், இரண்டு விலை. இந்த மாதிரி விலைக்குப் போட்டி போடுகிறவர்கள், இரு நிறுவனங்களும் நடத்துகிற 'ரெஜிஸ்ட்ரி' என்ற தொகுப்புப் போட்டிப் பட்டியலில் முதலிடம் பிடிக்க முயலும் சேகரிப்பாளர்கள். அந்தப் பட்டியலில் உங்கள் தொகுப்பில் உள்ள நாணயங்களின் கிரேடுதான் இடத்தைத் தீர்மானிக்கும், அதில் முன்னால் நிற்க பிசிஜிஎஸ் 70 ஒன்றுதான் வழி என்றால் விலைக்கு உச்சவரம்பு ஏது.

விலைச் செய்தி பரவியதும் நடக்க வேண்டியது நடந்தது. வீட்டில் நீலப் பெட்டியோ பச்சைப் பெட்டியோ எதிலோ மூடிக் கிடந்த 1995 தொகுப்புகளை ஆட்கள் தூசு தட்டி அனுப்பினார்கள். 69-இல் இருந்ததையெல்லாம் உடைத்து மறுபடி அனுப்பினார்கள். ஒரு நாணயத்துக்கு 80,000 டாலர் வித்தியாசம் என்றால் கிரேடிங் கட்டணம் எத்தனை முறை கட்டினாலும் கட்டுபடியாகும். நிறுவனம் வெளியிடும் எண்ணிக்கைப் பட்டியலில் 70-கள் ஏறிக்கொண்டே போயின, பின்னால் வந்த ஏலங்களில் அதே கிரேடு அந்தத் தொகையில் ஒரு சின்னப் பங்குக்குத்தான் போனது. நாணயம் கெட்டுப்போகவில்லை, கிரேடு மாறவில்லை, போலியும் இல்லை. மாறியது பட்டியலில் இருந்த எண் ஒன்றே.

69 வைத்திருந்தவர்களுக்கு இந்த மாதிரி அதிர்ச்சி இல்லை, ஏனென்றால் அவர்கள் கொடுத்த விலையின் பெரும்பகுதி 30,125 என்ற எண்ணிக்கைக்கு. அந்த எண்ணிக்கை இனி ஏற வழியில்லை. 70-களின் எண்ணிக்கையோ ஏற மட்டுமே முடியும். இதுதான் இந்த நிகழ்விலிருந்து எடுக்க வேண்டிய கணக்கு என்று நான் நினைக்கிறேன்: மின்ட் அடித்த எண்ணிக்கைக்குக் கொடுக்கும் பணம் வேறு, கிரேடிங் நிறுவனத்தின் பட்டியலுக்குக் கொடுக்கும் பணம் வேறு.

இதற்கு நேர் எதிரான உதாரணம் 2019-எஸ் மேம்பட்ட ரிவர்ஸ் ப்ரூஃப் (கண்ணாடிப் பளபளப்பும் உறைபனியும் இடம் மாறிய ப்ரூஃப் வகை). அதற்கும் வரம்பு 30,000, விலை 65.95 டாலர், 2019 நவம்பர் 14-இல் விற்பனைக்கு வந்து அரை மணி நேரத்துக்குள் தீர்ந்துவிட்டது. எண்ணிக்கை ஏறக்குறைய 1995-டபிள்யூ அளவுதான். ஆனால் 1995-இல் வாங்கியவர்கள் பெட்டியில் போட்டு மறந்தார்கள், 2019-இல் வாங்கியவர்கள் தபாலில் வந்த கையோடு கிரேடிங்குக்கு அனுப்பினார்கள். மின்ட்டின் வேலைத்தரமும் இடையில் நன்றாக உயர்ந்துவிட்டது. விளைவு, முதல் நாளிலிருந்தே 70-கள் மலிந்து கிடந்தன. பொதுவாகவே சமீப வருஷ ப்ரூஃப்களில் 70 என்பது அதிசயம் இல்லை, 1980, 90-களின் நாணயங்களில்தான் அது சிரமம்.

லேபிள் விவகாரத்தை ஒரே வரியில் முடிக்கிறேன். 'ஃபர்ஸ்ட் ஸ்ட்ரைக்', 'எர்லி ரிலீசஸ்' என்பதெல்லாம் வெளியான முதல் மாத வாக்கில் நிறுவனத்துக்கு வந்து சேர்ந்தது என்பதற்கான சீட்டு, முதலில் அடித்த நாணயம் என்று அர்த்தமில்லை, நாணயத்தைக் கேப்ஸ்யூலில் இருந்து எடுத்துப் பார்த்தால் எந்த வித்தியாசமும் கண்டுபிடிக்க முடியாது.

70 நிரந்தரமா

இல்லை, வெள்ளியில் நிச்சயமாக இல்லை. பால் புள்ளி என்று சொல்லப்படும் வெள்ளைத் திட்டுகள் ஸ்லாபுக்குள் இருக்கும்போதே, கிரேடு கொடுத்து வருஷம் கழித்தும்கூட வெளிவரும். வில்லையைக் கழுவும்போது ஒட்டிக்கொண்ட ரசாயன மிச்சம் சூடாக்கும் கட்டத்தில் உள்ளே பதிந்து பிறகு வெளியே காட்டுகிறது என்பது பரவலான விளக்கம். கனடா மின்ட் 2018-இல் தன் மேப்பிள் இலை வெள்ளி நாணயங்களுக்கு இதைக் கட்டுப்படுத்தவென்றே மின்ட்ஷீல்டு என்ற தொழில்நுட்பத்தைக் கொண்டுவந்தது, பிரச்சினை எவ்வளவு பெரிது என்பதற்கு அதுவே சாட்சி. கிரேடிங் நிறுவனங்களின் உத்தரவாதம் இந்தப் புள்ளிகளுக்குப் பொதுவாகப் பொருந்தாது. ஸ்லாபில் 70 என்று இருக்கும், சுதந்திரதேவியின் முகத்தில் வெள்ளைத் திட்டு இருக்கும், விற்கப் போனால் வாங்குகிறவர் முகத்தைத்தான் பார்ப்பார். எண்ணை மட்டும் நம்பி, படத்தைப் பெரிதாக்கிப் பார்க்காமல் 70 வாங்காதீர்கள்.

பழைய ப்ரூஃப்களில் இன்னொரு தொல்லை மங்கல் படலம். கண்ணாடிப் பின்னணியில் மூச்சுவிட்டது மாதிரி ஒரு புகை தெரியும். அதை நீக்கிவிடலாம் என்று நம் வீட்டில் வெள்ளிச் சாமான் துலக்குகிற பழக்கத்தில் விபூதி, பற்பசை, புளி என்று இறங்கினால் அன்றோடு அந்த நாணயம் தீர்ந்தது. மென்மையான துணியில் ஒரு தடவை துடைத்தாலே கண்ணாடிப் பரப்பில் மயிரிழைக் கீறல்கள் விழும், அதைக் கிரேடிங்குக்கு அனுப்பினால் எண்ணே தராமல் 'டீடெயில்ஸ்', அதாவது குறையுள்ளது என்று போட்டு, கழுவப்பட்டது என்று காரணம் எழுதித் திருப்பி அனுப்புவார்கள். பிவிசி கலந்த மலிவான பிளாஸ்டிக் உறைகளும் வேண்டாம், பச்சைப் பிசுக்கு படியும். கேப்ஸ்யூல் போதும், ஈரமில்லாத இடம் போதும். நம் ஊர் ஈரக்காற்றுக்கு சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று பெட்டியில் போட்டுவையுங்கள்.

நம் பக்கம் பலரும் தொடங்குவது தஞ்சைப் பெரிய கோவிலின் ஆயிரமாவது ஆண்டுக்கு இந்திய அரசு வெளியிட்ட 1000 ரூபாய் நாணயத்தில். 35 கிராம், 44 மில்லிமீட்டர், 80 சதவீத வெள்ளி, 20 சதவீதம் செம்பு. ப்ரூஃபும் உண்டு, யுஎன்சி என்ற, புழக்கத்துக்குப் போகாத சாதாரண வகையும் உண்டு, இரண்டையும் குழப்பிக்கொண்டு விலை கேட்கிறவர்கள் நிறைய. செம்பு கலந்திருப்பதால் நிறம் மாறுவது சுத்த வெள்ளியைவிடச் சுலபம், ஆகவே மேலே சொன்ன துடைக்காதே விதி இதற்கு இரட்டிப்பு.

வாங்கும்போது

1995-டபிள்யூ போன்ற நாணயத்தில் மொத்த மதிப்பும் கழுகின் வாலுக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு சின்ன எழுத்தில் இருக்கிறது, அந்த எழுத்தை மாற்றவும் ஒட்டவும் ஆள் இருக்கத்தானே செய்யும். அதனால் இந்த ஒன்றுக்கு மட்டும் ஸ்லாப் அவசியம் என்பேன், எண்ணுக்காக இல்லை, நிஜமானது என்ற உறுதிக்காக. ஸ்லாபையும் போலி செய்கிறார்கள், ஆகவே சான்றிதழ் எண்ணை நிறுவனத்தின் தளத்தில் போட்டு, அங்கே படம் இருந்தால் கையில் உள்ளதோடு ஒப்பிட வேண்டும்.

மற்ற வருஷங்களுக்கு மின்ட்டின் சொந்தப் பெட்டியும் சான்றிதழும் உள்ள நாணயமே போதும். பொதுவான வருஷங்களில் பிஆர் 69 ஸ்லாபின் விலை பெட்டியோடு இருக்கிற நாணயத்தின் விலையை ஒட்டியேதான் இருக்கும், பல சமயம் கிரேடிங் கட்டணத்தைக்கூட அது ஈடுகட்டாது, அதோடு இங்கிருந்து அனுப்பி வரவழைக்கும் தபால், சுங்கச் செலவைச் சேர்த்தால் சொல்லவே வேண்டாம். அதாவது வேறொருவர் கட்டணம் கட்டி 69 வாங்கிய நாணயம் உங்களுக்கு ஏறக்குறைய பெட்டி நாணயத்தின் விலையில் கிடைக்கிறது. அதில் ஒன்றை வாங்குவது நல்ல முதலீடோ இல்லையோ, நல்ல பாடப்புத்தகம்.

2009-க்கு ப்ரூஃப் தேடி அலையாதீர்கள், புல்லியன் தேவை அதிகமாகிவிட்டதால் மின்ட் அந்த வருஷம் ப்ரூஃப் வெள்ளிக் கழுகே அடிக்கவில்லை. 1994-பி 3,72,168 மட்டும்தான், வழக்கமான வரிசையில் கொஞ்சம் விலை கூட இருக்கும், அதைப் பிற்பாடு வைத்துக்கொள்ளலாம். 1995-டபிள்யூ இல்லாத வரிசையைப் புதியவர் குறையாக நினைக்கத் தேவையில்லை.

தொடங்குவதற்கு 1986-எஸ்தான் என் தேர்வு. நிறைய இருக்கிறது, விலை குறைவு, அந்தக் காலத்து மங்கல், புள்ளி, கீறல் எல்லாமே அதில் பார்க்கக் கிடைக்கும். பெட்டியோடு ஒன்று, 69 ஸ்லாபில் ஒன்று, இரண்டையும் வாங்கி, அறை விளக்கை அணைத்துவிட்டு ஒரே ஒரு பழைய மஞ்சள் குண்டு பல்பின் கீழே 5 மடங்கு லென்ஸோடு உட்காருங்கள். ட்யூப்லைட் வெளிச்சத்தில் கீறல் தெரியாது. நாணயத்தை மெதுவாகச் சாய்த்துச் சுற்றுங்கள், முதலில் கண்ணாடிப் பின்னணி, அப்புறம் தேவியின் கால், நெஞ்சு, சூரியன் பக்கம், கடைசியில் விளிம்பு. ஸ்லாபில் இருப்பதற்கு ஏன் 70 தரவில்லை என்று உங்களால் ஒரு இடத்தைக் காட்ட முடிந்தால், பெட்டியில் இருப்பதற்கு என்ன எண் வரும் என்று நீங்களே எழுதி வையுங்கள்.